சொன்ன எடையும் நின்ற எடையும்

திருச்செங்கோடு
10-3-1984

மாமாவுக்கு,

கண்ணாத்தா எழுதறேன். ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்னு முதல்லயே சொல்லிடறேன். இல்லாட்டி மத்ததைப் படிக்க உங்களுக்கு மனசு நிக்காது.

எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு. தை மாசம் நீங்க போர் போடற ரிக் வண்டியோட வடக்கே கிளம்பறதுக்கு முந்தி, வெள்ளியங்கிரி முதலாளி பட்டறைக்கு மெட்ராஸ்ல இருந்து ஒரு டாக்டரம்மா வந்தாங்களே. உங்க எல்லாரையும் எடை போட்டு, உசரம் அளந்து, நெஞ்சுல குழாய் வெச்சுப் பார்த்தாங்களே. அவங்க ஆபீசுலதான் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில ரெண்டு ரூம் எடுத்திருக்காங்க. எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச பொம்பளை ஆள் வேணும்னாங்க. போனேன், எடுத்துக்கிட்டாங்க. மருதாசலம்னு ஒரு சூப்பர்வைசர் இருக்கார். உங்கம்மாகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் போனேன்.

வேலை இதுதான். ஊடு ஊடாப் போய், உங்க எடை எவ்வளவுங்க, உசரம் எவ்வளவுங்கன்னு முதல்ல வாயால கேக்கணும். சொல்றதை எழுதிக்கணும். அப்புறம்தான் மிஷினைக் கீழ வெச்சு ஏறச் சொல்லணும். சொன்னதுக்கும் நின்னதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்கறதுதான் டாக்டரம்மாவோட ஆராய்ச்சி. ஆளுங்க சொல்றதை நம்பலாம்னு தெரிஞ்சா, மிஷின் கொண்டு போக முடியாத தூரத்துல இருக்கறவங்களைக் கார்டு போட்டே விசாரிச்சுக்கலாமாம்.

ஆம்பளைங்க எல்லாம் உசரத்தைக் கூட்டித்தான் சொல்றாங்க. நம்ம சைக்கிள் கடைக்காரர் ஆறடின்னார். சுவத்தோரமா நிக்க வெச்சு அளந்தா அஞ்சடி ஏழு. என் டேப்புல கோளாறுங்கறார். பொம்பளைங்க வேற மாதிரி. மாமியார் பக்கத்துல நின்னா மருமக நாப்பத்தஞ்சு கிலோங்கறா. மாமியார் அடுப்பைப் பார்க்க உள்ள போனதும் என் கையைப் புடிச்சு, "அக்கா, மிஷின்ல வர்றதைச் சத்தமாச் சொல்லிறாதீங்க"ங்கறா. ஏறி நின்னா முப்பத்தெட்டு.

இப்ப நம்ம விசயம். மாசாமாசம் ஒண்ணாந்தேதி நீங்க எடையை எழுதிப் போடற அச்சுக் கார்டு இந்த ஆபீசுக்குத்தான் வருது. அதை அடுக்கி வெக்கறதும் நான்தான். தையில பட்டறையில போட்டப்ப உங்க எடை அம்பத்தேழு. பிப்ரவரி கார்டுல அம்பத்தேழு. மார்ச்சுலயும் அம்பத்தேழு. உங்க வண்டியில இருக்கற ரங்கனோடது அம்பத்திரண்டுல இருந்து அம்பதாகி இப்ப நாப்பத்தொம்பது. ரெண்டு பேரும் ஒரே ராடைத் தூக்கறீங்க, ஒரே சட்டிச் சோத்தைத் திங்கறீங்க. எங்க எடை போட்டீங்க மாமா? சும்மாதான் கேக்கறேன்.

கண்ணாத்தாள்

—

இட்டார்சி
25-3-1984

கண்ணாத்தா,

உன்ற காயிதத்தைச் சர்தார்ஜி ஓட்டல்ல வாங்கிக்கிட்டேன். வேலைக்குப் போனது போனதுதான். இனி நான் வேண்டாம்னா நிக்கவா போறே.

எங்க எடை போட்டேன்னு கேட்டிருக்கே. இட்டார்சி டேசன்ல மிஷின் இருக்குது. காசு போட்டா அட்டை வரும். அம்பத்தேழு வந்துது, அம்பத்தேழு எழுதினேன். இதுல சும்மா கேக்கறதுக்கு என்ன இருக்குது.

ரங்கனுக்கு எழுதத் தெரியாது. அவன் கார்டையும் நான்தான் எழுதறேன். மிஷின்ல ஏறி நிப்பான், வந்த நம்பரை அப்படியே போடுங்க மாமான்னுவான். ஒண்ணு ரெண்டு கூட்டிப் போடட்டுமான்னு நானே கேட்டேன். "டாக்டரம்மாகிட்ட எதுக்குங்க பொய் சொல்றது, நிசத்தைச் சொன்னாத்தானே மருந்து தாட்டி விடுவாங்க"ங்கறான். வெகுளி. பொழுதுக்கும் இருமறான்.

இங்க பாறை நெம்பக் கெட்டி. கம்ப்ரஷர் காத்து அடிக்கறப்ப குழிக்குள்ள இருந்து தூசி வெள்ளை வெளேர்னு மேல வரும். ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் நிக்கறோம். பொழுதோட ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்கு அடையாளம் தெரியாது. வெயில் இப்பவே மண்டையைப் பொளக்குது.

எனக்கு ஒண்ணு தெரியணும். அந்தக் கார்டை யாரார் பார்க்கறாங்க? டாக்டரம்மா எடை போட்டது முதலாளி பட்டறையில. முதலாளி எங்களை வரிசையில நிக்க வெச்சார், அவங்களுக்குச் சேர் போட்டார், எளநி வெட்டிக் குடுத்தார். எங்களுக்குக் காய்ச்சல்னா கூட எட்டிப் பார்க்காத மனுசன் எதுக்கு அத்தனை மெனக்கெடணும்? யோசிச்சுச் சொல்லு.

நம்ம பாப்பா பள்ளிக்கூடத்துக்கு அழுவாமப் போறாளா?

ராசப்பன்

—

திருச்செங்கோடு
7-4-1984

மாமாவுக்கு,

பாப்பா அழாமத்தான் போறா. உங்கம்மாதான் அவளை விட்டுட்டு அழறாங்க.

கார்டை மூணு பேர் பார்க்கறோம். நான், மருதாசலம், டாக்டரம்மா. வேற ஒருத்தர் கண்ணுலயும் படாது. ஆபீசுல சேர்ந்த அன்னிக்கே டாக்டரம்மா சொன்னாங்க, "இந்த ஊட்டு எடையை அடுத்த ஊட்டுல சொன்னே, அன்னிக்கோட நீ நின்னுக்க வேண்டியதுதான்"னு. அவங்க அப்படிப்பட்டவங்க. எல்லாத்தையும் பெரிய தாள்ல என்னையே அழகா எழுதித் தரச் சொல்லி மருதாசலம் மெட்ராசுக்கு அனுப்பறார். அதனால அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

எனக்குத்தான் கவலை. ஏப்ரல் கார்டுலயும் அம்பத்தேழு எழுதியிருக்கீங்க. நேத்து டாக்டரம்மா கார்டுகளைப் புரட்டிக்கிட்டு இருந்தவங்க உங்களோடதை எடுத்து என்கிட்ட காட்டினாங்க. அது என் ஊட்டுக்காரர்னு அவங்களுக்குத் தெரியாது. "இதைப் பாரு, மூணு மாசமா ஒரே நம்பர். நல்லா இருக்கற உடம்பே மாசத்துக்கு ஒரு கிலோ முன்ன பின்ன ஆடும். இந்த ஆள் மிஷின்ல ஏறவே இல்லை, தையில வந்த நம்பரையே திருப்பித் திருப்பி எழுதறார்"னாங்க. அந்தக் கார்டை வாங்கி அடுக்குல திருப்பி வெச்சேன்.

ரங்கனோடது நாப்பத்தேழுக்கு வந்துட்டதைப் பார்த்து அவங்க முகம் மாறிப்போச்சு. பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில உடனே நெஞ்சு போட்டோ எடுக்கச் சொல்லி அவன் பேருக்குக் கடிதாசி எழுதிப் போட்டிருக்காங்க. வந்ததா?

நீங்க ஏறினீங்களா மாமா? ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.

கண்ணாத்தாள்

—

இட்டார்சி
22-4-1984

கண்ணாத்தாளுக்கு,

டாக்டரம்மா கடிதாசி வந்துது. அதை வாங்கத்தான் ரங்கன் இங்க இல்லை.

போன வாரம் முதலாளியோட மச்சான் நாக்பூர்ல இருந்து ஜீப்புல வந்தான். வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டான். சட்டைப் பையில இருந்து ஒரு தாளை எடுத்து ஒவ்வொருத்தன் பேராப் படிச்சான். பேர், உசரம், மாசாமாசம் எடை. "ரங்கன், நாப்பத்தேழு. சீக்காளியை வெச்சு வண்டி ஓட்டவாடா முதலாளி உங்களைத் தாட்டி விட்டிருக்கார்"னான். ரங்கன் பேந்தப் பேந்த முழிச்சான். அப்பவும் அவனுக்கு வெளங்கலை. "டாக்டரம்மா மருந்து சொல்லியிருக்காங்களாங்க"ன்னு கேட்டான். அன்னைக்கே டேசனுக்குக் கூட்டிப் போய் ரயில்ல ஏத்தி விட்டுட்டாங்க. காய்ச்சலோட, தனி ஆளா. கூடத் தொணைக்கு நான் போறேன்னேன். போனா நீயும் அப்படியே போயிரு, திரும்பி வராதேன்னான்.

என் பேருக்கு அம்பத்தேழுன்னு படிச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "அம்பத்தேழா?"ன்னான். "ஆமாங்க"ன்னேன். சட்டைக்குள்ள ரெண்டு பனியன் போட்டிருந்தேன், ஒண்ணும் தெரியலை.

மூணு பேர்தான் பார்க்கறோம்னு எழுதினியே. அந்த மூணு பேருல எந்த ஆள் இது? இங்க எல்லாரும் பேசி வெச்சுட்டோம். மே மாசத்துல இருந்து ஒருத்தனும் அறுவதுக்குக் கீழ எழுதப் போறதில்லை. உன்ற டாக்டரம்மா அதை வெச்சு ஆராய்ச்சி பண்ணிக்கட்டும்.

ராசப்பன்

—

திருச்செங்கோடு
5-5-1984

மாமாவுக்கு,

நீங்க எழுதினதைப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். உங்கம்மா என்ன ஏதுன்னு கேட்டாங்க. தலைவலின்னேன்.

மருதாசலத்துகிட்ட கேட்டேன். "கார்டுதானேம்மா, மூடின கவரா? தபால்காரர்ல இருந்து டீக்கடைக்காரன் வரைக்கும் படிக்கலாம். எவனாவது படிச்சு முதலாளிகிட்ட சொல்லியிருப்பான்"னார். கேக்கறப்ப சரியாத்தான் பட்டுது. ஊட்டுக்கு வந்து உங்க கடிதாசியை மறுபடி படிச்சேன். உசரமும் படிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. கார்டுல உசரம் கிடையாது. பட்டறையில எடுத்த உசரம் ஆபீசுல மட்டும்தான் இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா, உசரமும் படிச்சாங்களா? இதை அவர்கிட்ட நான் இன்னும் கேக்கலை. உங்க பதில் வரட்டும்னு இருக்கேன்.

ரங்கனைப் பார்த்தேன். நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் மாறி, அங்கிருந்து அவங்க ஊருக்கு நடந்து போனேன். ஈரோட்டுல ரயில்ல இருந்து இறக்கறப்பவே நிக்க முடியலையாம். இருமல்ல ரத்தம் வருது. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறாங்க. அவன் பொண்டாட்டி பெருமாயி எனக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலை. "நீங்க அந்த எடை ஆபீசுலதானுங்களே இருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டா.

மே மாசக் கார்டு எல்லாம் வந்துடுச்சு. அறுவது, அறுவது, அறுவத்தஞ்சு. மருதாசலம் பார்த்துட்டு, "வடக்கத்தித் தண்ணி நம்ம ஆளுங்களுக்கு ஒத்துக்குது போல"ன்னு சிரிச்சார். அத்தனையும் பொய்னு இந்த ஆபீசுல தெரிஞ்சவ நான் ஒருத்திதான். டாக்டரம்மா மெட்ராஸ் போயிருக்காங்க. வந்தா சொல்லணுமா வேண்டாமான்னு தெரியலை. சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி. சொல்லாட்டி அவங்க அந்தப் பொய்யை வெச்சு, ரிக் ஆளுங்களுக்கு ஒண்ணுமே இல்லைன்னு எழுதிடுவாங்க.

இன்னொண்ணு. வெயில் மண்டையைப் பொளக்குதுன்னு நீங்கதான் எழுதினீங்க. அந்த வெயில்ல எதுக்கு மாமா ரெண்டு பனியன்?

கண்ணாத்தாள்

—

இட்டார்சி
18-5-1984

கண்ணாத்தாளுக்கு,

உசரமும் படிச்சாங்க. ரங்கனுக்கு அஞ்சடி நாலுன்னு.

இதையும் தெரிஞ்சுக்க. அந்த மச்சான் தாளை ஜீப் சீட்டு மேல போட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போனான். நான் எட்டிப் பார்த்தேன். கார்பன் காப்பி. மேல கோடு போட்டுப் பேரெல்லாம் வரிசையா எழுதியிருந்துது. ஒம்பதுக்கு வாலை நீட்டி உள்பக்கமா வளைக்கறது யார் கைன்னு எனக்குத் தெரியாதா. கல்யாணத்துக்கு முன்னால இருந்து அந்தக் கை எழுதின காயிதத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கறவன் நான்.

போன காயிதத்துல இதை நான் எழுதலை. நீயாச் சொல்றயான்னு பார்க்கலாம்னு இருந்தேன். நீ தபால்காரன் கதை எழுதியிருக்கே.

எங்க வண்டிச் செட்டுல ஒருத்தனுக்கும் நான் சொல்லலை. சொன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்.

ராசப்பன்

—

திருச்செங்கோடு
30-5-1984

மாமாவுக்கு,

அது என் கைதான். என் கையில எழுதினது முதலாளி கைக்குப் போனது எனக்குத் தெரியாது. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நடந்ததை அப்படியே எழுதறேன்.

மருதாசலம் எப்பவும் கார்பன் வெச்சு மூணு காப்பி எழுதச் சொல்வார். ரெண்டு மெட்ராசுக்கு, ஒண்ணு ஆபீசுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். உங்க கடிதாசி வந்த அன்னிக்கு ஆபீஸ் பீரோவைத் திறந்து பார்த்தேன். அங்க ஒரு காப்பியும் இல்லை. நேரா அவர் மேசைக்குப் போனேன்.

"மூணாவது காப்பி எங்கிங்க?"

"எதுக்கும்மா?"

"வெள்ளியங்கிரி முதலாளி ஊட்டுலயாங்க இருக்கு?"

அவர் மறைக்கக்கூட இல்லை. "அவர் இடம் குடுத்தார்மா. ஆளுங்களை வேலையை விட்டுட்டு வரச் சொல்லி நிக்க வெச்சார். அவர் இல்லாம ஒரு ரிக் ஆளைத் தொட்டிருக்க முடியுமா? எங்க ஆளுங்க உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டார். குடுத்தேன்"னார்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமாங்க?"

"அவங்களுக்கு எதுக்கு இதெல்லாம். அந்த ரங்கனை நினைச்சுப் பாரு. அங்கயே கிடந்திருந்தா பாறை மேலயே செத்திருப்பான். ஊட்டுக்கு வந்ததாலதான் இன்னிக்கு ஆஸ்பத்திரியில மருந்து சாப்பிடறான். நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா?"

அதையேதான் ராத்திரியெல்லாம் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன் மாமா.

டாக்டரம்மா மெட்ராஸ்ல இருந்து வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். தாள் போனது, அதை எழுதினவ நான்ங்கறது, மே மாசக் கார்டு அத்தனையும் பொய்ங்கறது, எல்லாம். முதல்ல அவங்க கேட்டது, பொய்னு உனக்கு எப்படித் தெரியும்னுதான். என் ஊட்டுக்காரர் அந்தச் செட்டுல இருக்கார்னேன். "யாரு?"ன்னாங்க. "சொல்ல மாட்டேனுங்க"ன்னேன். "சரி, சொல்லாதே"ன்னாங்க. மே மாசக் கார்டை எல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. மருதாசலம் அனுப்பின தாளைப் பார்த்து, எடை ஏறியிருக்கேன்னு சந்தோசப்பட்டு மெட்ராஸ்ல ஒரு கூட்டத்துல சொல்லிட்டு வந்திருக்காங்களாம். அப்புறம் முதலாளி பட்டறைக்குப் போனாங்க. என்ன பேசினாங்கன்னு தெரியாது. திரும்பி வந்ததும் ரூம் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

மறுநாள் நான் வேலையை விட்டுட்டேன். மருதாசலம் இன்னும் அங்கதான் இருக்கார்.

இனி நான் எந்த ஆபீசு ஆளும் இல்லை. நீங்க ரெண்டு பனியன் போட்டுக்கிட்டதைப் படிச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எனக்கு மட்டும் சொல்லுங்க மாமா. உங்க எடை எவ்வளவு?

கண்ணாத்தாள்

—

இட்டார்சி
14-6-1984

கண்ணாத்தா,

உன்ற காயிதம் வந்து ஆறு நாள் சட்டைப் பையிலயே வெச்சிருந்தேன். இதுவும் டாக்டரம்மா சொல்லிக் குடுத்து எழுதினதா இருக்குமோன்னு ஒரு நினைப்பு. கடைசியில எடையைக் கேட்டு முடிச்சிருந்தியே, அதான்.

ரங்கனுக்குப் பதிலா ஊருல இருந்து புதுசா ஒருத்தன் வந்திருக்கான், அங்கமுத்துன்னு. வந்த அன்னைக்கே சோறு உண்கறப்ப என்னைப் பார்த்து, "உங்க ஊட்டுக்காரம்மாதானுங்களே ஊடு ஊடாப் போயி எடை எழுதறது"ன்னு கேட்டுப்போட்டான். அத்தனை பேரும் கையை நிறுத்திட்டாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாத் தேவலை. அன்னைக்கில இருந்து என் பக்கத்துல யாரும் படுக்கறதில்லை. நான் போனாப் பேச்சு நின்னு போவுது. ரங்கன் கார்டை எழுதினவனும் நான், தாளை எழுதினவளும் என் பொண்டாட்டி. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. அவங்க எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

முந்தாநாள் ராடு மாத்தறப்ப கண்ணு இருட்டிட்டு வந்துது. உக்காந்துட்டேன். இருமினதுல துண்டு செவப்பாயிருச்சு. யாரும் பார்க்கறதுக்கு முந்தி மண்ணுல பொரட்டி எடுத்துக்கிட்டேன். ரங்கனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

நேத்து லீவு கேட்டுக்கிட்டு டேசனுக்குப் போனேன். பிப்ரவரியில ஒருக்கா ஏறினதுதான். அப்பவே அம்பத்திமூணு காட்டுச்சு, அட்டையைக் கிழிச்சுப் போட்டேன். அதுக்கப்புறம் ஏறவே இல்லை. உன்ற டாக்டரம்மா சொன்னது சரிதான். நேத்து ஏறினேன்.

நாப்பத்தாறு.

உன்கிட்டச் சொல்லிப்போட்டேன். வேற ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது. அம்மாவுக்கும் கூட. தெரிஞ்சுதுன்னா இனி உனக்கு நான் காயிதமே போட மாட்டேன்.

ராசப்பன்

—

திருச்செங்கோடு
21-6-1984

மாமாவுக்கு,

உங்க கடிதாசியைப் படிச்ச கையோட அடுப்புல போட்டுட்டேன். அதுல இருந்ததை யாருக்கும் சொல்லலை. உங்கம்மாகிட்ட, காய்ச்சல், கூட்டி வரப் போறேன்னு மட்டும் சொன்னேன்.

உங்க தம்பி குழந்தைவேலுவைக் கூட்டிக்கிட்டு ஈரோட்டுல ரயில் ஏறறேன். பாசை தெரியாத ஊருக்குப் பொம்பளை எதுக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. தம்பி மட்டும் வந்தா நீங்க ஒண்ணுமில்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவீங்க. என்கிட்ட அது நடக்காது.

இந்தக் கடிதாசி முந்தி வருமா நாங்க முந்தி வருவோமான்னு தெரியலை. முந்தி வந்துட்டா, அதுவரைக்கும் வண்டி மேல ஏறாதீங்க. முதலாளி ஆளுங்ககிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். சர்தார்ஜி ஓட்டல்லயே இருங்க.

கண்ணாத்தாள்

—

திருச்செங்கோடு
12-10-1984

மாமாவுக்கு,

ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்க்கப் பெருந்துறை டி.பி. ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே சொல்லியிருப்பேன். பக்கத்துக் கட்டில்காரர் நம்ம வாயையே பார்த்துக்கிட்டு இருந்தார். அதான் எழுதறேன்.

டாக்டரம்மா ஊட்டுக்கு வந்திருந்தாங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா அந்த அம்பத்தேழு கார்டு யாரோடதுன்னு அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை. தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கறேன்.

ஆடி மாசம் ரிக் வண்டியெல்லாம் மழைக்கு ஊர் திரும்பினப்ப, பட்டறையில வேண்டாம்னு பள்ளிக்கூட மைதானத்துல மிஷின் வெச்சு ரெண்டு நாள் உக்காந்திருந்தாங்களாம். ஒரு ஆள் வரலை. ரங்கன் மட்டும் நாமகிரிப்பேட்டையில இருந்து பஸ் புடிச்சு வந்து ஏறி நின்னுட்டுப் போயிருக்கான். அவனுக்கு இருமல் நின்னிருக்கு. ஆனா எந்த முதலாளியும் அவனைச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க. ஒரு பட்டறைக்குத் தெரிஞ்சது எல்லாப் பட்டறைக்கும் தெரிஞ்சுபோச்சு. மஞ்சக் காட்டுக் கூலிக்குப் போறான். சந்தையில பெருமாயியைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எதிர்ச் சாரிக்குப் போயிட்டா.

மருதாசலத்தை வேற ஊர் ஆபீசுக்கு மாத்திட்டாங்க. வேலை போகலை, மாத்தினதோட சரி.

டாக்டரம்மா என்னைத் திரும்பக் கூப்பிடறாங்க. இனி கார்டு இல்லையாம், ஒட்டின கவராம். பேருக்குப் பதிலா நம்பர் போடுவாங்களாம். எந்த நம்பர் யாருன்னு அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியுமாம். "நீ வந்தா ஆளுங்க நம்புவாங்களா?"ன்னு கேட்டாங்க. "நம்ப மாட்டாங்க, என்னைத்தான் முதல்ல நம்ப மாட்டாங்க"ன்னேன். "தெரியும். பொய் சொல்றப்ப எதுக்காகச் சொல்றாங்கன்னு உனக்குத்தான் தெரியுது. அதுக்காகத்தான் கேக்கறேன்"னாங்க.

உங்களைக் கேக்காம சொல்ல மாட்டேன்னுட்டேன். போகட்டுமா வேண்டாமா?

கண்ணாத்தாள்

—

பெருந்துறை
18-10-1984

கண்ணாத்தா,

இந்தக் காயிதத்தைக் கட்டில்காரருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து எழுதறேன். நல்ல மனுசன்தான். ஆனா எதையும் சத்தமாப் படிப்பார்.

அந்த நம்பர் ஏற்பாடெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்குமோ எனக்குத் தெரியாது. இப்ப டாக்டரம்மாகிட்ட இருக்கற அந்தப் பேர் லிஸ்ட்டு நாளைக்கு இன்னொரு மருதாசலத்துகிட்ட போகாதுன்னு யார் கண்டது. என் செட்டு ஆளுங்ககிட்ட நிச எடையை எழுதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க அறுவதுன்னு எழுதினா எழுதட்டும். இன்னொருத்தனை அப்படி ரயில்ல ஏத்தி விடறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனா நீ போ. நீ போகாட்டி அந்த எடத்துல வேற ஒருத்தி உக்காருவா. அவளுக்கு ஊட்டுக்காரன் வண்டியில இருக்க மாட்டான். ஒண்ணு மட்டும். ஆளுங்க பேரை இனி உன்ற கையால எழுதாதே. மூணாவது காப்பி எழுதச் சொன்னா, எங்க போகுதுன்னு கேக்காம எழுதாதே. பெருமாயி ஊட்டுக்கு இன்னொருக்கா போயிட்டு வா. தண்ணி குடுக்காட்டியும் பரவாயில்லை.

இங்க திங்கக்கெழமைதோறும் எடை போடறாங்க. நர்ஸம்மா நம்பரைச் சத்தமாச் சொல்லுவாங்க, ஒருத்தர் எழுதிக்குவார். எடை ஏறினாத்தான் ஊட்டுக்கு விடுவாங்கன்னு வார்டுல ஒரு பேச்சு. அதனால ஏறப் போற ஆளுங்க பண்ற வேலையை நீ பார்க்கணும். ஒரு பெரியவர் வேட்டி மடிப்புல கல்லை முடிஞ்சுக்கிட்டு வாரார். இன்னொருத்தர் மூணு துண்டை இடுப்புல சுத்திக்கறார். மிஷின் முன்னால நிக்கறப்ப ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியைப் பார்க்கறதில்லை.

இந்த வாரம் என் சீட்டுல அம்பத்தொண்ணுன்னு எழுதியிருக்காங்க. ஏறறதுக்கு முந்தி ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் ஏறினேன். நீ அம்பதுன்னு வெச்சுக்க.

ராசப்பன்